கோயில் வீதியில் பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் நடுப்பகுதியில், கோயில்களைச் சுற்றிய பழைய வீதிகளில், ஒரு மாற்றம் கண்ணெதிரே நடந்து வருகிறது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, பெரியவர்கள் இருந்தவரை விளக்கெரிந்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. வாங்குபவர்கள் அவற்றைத் தங்கும் விடுதியாகவும், பட்டுக் கடையாகவும், டிகிரி காபி தரும் உணவகமாகவும், சில சமயம் திண்ணையும் முற்றமும் மாறாத விருந்தினர் இல்லமாகவும் மாற்றுகிறார்கள். இரண்டு வீடு மாறிவிட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் சொல்லும் விலை ஒரேயடியாக ஏறிவிடுகிறது. இந்த வேளையில் அங்கே பணம் போடலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பெருநகரங்களில் மனை வாங்குவோர் முதலில் கேட்பது அந்தப் பகுதி எவ்வளவு வளரும் என்பதை. டெல்டாவின் கோயில் நகரங்களில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே ஒரு வீடு நல்ல முதலீடா என்பதைத் தெருவின் வருங்காலத்தைவிட, அடியில் உள்ள மண் யாருடையது, விற்க எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளே அதிகம் தீர்மானிக்கின்றன. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பிறகு கட்டடத்தைப் பாருங்கள். கட்டடத்துக்குப் பிறகு வரவுசெலவைப் பாருங்கள்.

மண் யாருடையது

இந்தப் பகுதியில் 'அடிமனை' என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். மேலே நிற்கும் வீடு ஒரு குடும்பத்துடையது, கீழே உள்ள நிலம் கோயிலுடையது அல்லது மடத்துடையது என்ற ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். பல தலைமுறைகளுக்கு முன் சிறு தொகைக்கு மனை வாடகைக்கு எடுத்து வீடு கட்டிக்கொண்டவர்களின் வாரிசுகள் இன்றும் அதே வீட்டில் இருக்கிறார்கள்; சொத்து வரியும் மின் இணைப்பும் அவர்கள் பெயரில் இருக்கின்றன; அது தங்களுடைய வீடு என்றே அவர்கள் மனதார நம்புகிறார்கள். ஆகவே விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம். அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அடிமனை வீட்டில் நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டுமே. இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பதோ, அடமானம் வைப்பதோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ செல்லாது. கோயில் நிலம் பற்றிய பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுப்பதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு இடம் தருகிறது. நீண்ட காலம் குடியிருப்பவர் நீதிமன்றம் மூலம் மனையையே விலைக்குக் கேட்கலாம் என்று 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித் தரகர்கள் ஆறுதல் சொல்வார்கள். சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த உரிமை 1996-இல் வந்த திருத்தத்தோடு நீக்கப்பட்டுவிட்டது. திருவரங்கத்தில் அடிமனைச் சிக்கல் எத்தனை குடும்பங்களைப் பல ஆண்டுகளாக அலைக்கழிக்கிறது என்பதைத் திருச்சிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதைக் கண்டறிய நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் மனைகளுக்கு வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்ற மூன்று அடையாளங்கள் உண்டு. அந்தப் பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்கு நேரே ஒரு சுவாமியின் பெயரோ, ஆதீனத்தின் பெயரோ, வக்ஃபு என்ற குறிப்போ, சர்க்கார் என்ற சொல்லோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண்ணே இருக்கும் என்பதால், அந்த எண்ணுக்குரிய இன்றைய நகர அளவை எண் எதுவென்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். பட்டா மட்டும் உரிமைக்கு முழுச் சான்று ஆகாது. ஆனாலும் பட்டாவும் பத்திரமும் வெவ்வேறு கதை சொன்னால் அதற்குக் காரணம் என்னவென்று தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அடிமனையைவிட மறைவான இன்னொரு வகை இருக்கிறது. குழந்தை இல்லாத தம்பதியர் தங்கள் வீட்டை ஒரு கட்டளைக்கோ (கோயிலில் குறிப்பிட்ட பூசையோ சேவையோ நடக்க வைக்கும் அறக்கொடை), பாடசாலைக்கோ, அன்னதானத்துக்கோ எழுதி வைத்துவிட்டு, அதை நடத்தும் பொறுப்பைத் தம்பி வழி வாரிசுகளிடம் ஒப்படைத்துப் போவது இந்தப் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். மூன்று தலைமுறை கழிந்தபின், தர்மம் நின்றுபோய், பொறுப்பு மட்டும் சொத்துரிமை போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. மூலப்பத்திரத்தில் 'தர்ம சாசனம்', 'கட்டளை', 'பரம்பரை தர்மகர்த்தா' போன்ற சொற்கள் தென்பட்டால், அந்த வீட்டை விற்பதற்கு உரிய அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று அனுபவமுள்ள வழக்கறிஞர் சொல்லும்வரை அடுத்த அடி வைக்க வேண்டாம்.

தஞ்சாவூரில் 'அலங்கம்' என்று முடியும் தெருப்பெயர்கள் பழைய கோட்டை மதிலையும் அகழியையும் ஒட்டியவை. அங்கே மண் அரசுடையதா, தனியாருடையதா என்பதை வீட்டுக்கு வீடு பார்க்க வேண்டியிருக்கும். அதோடு தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட முடியும். 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இதை மிகக் கண்டிப்பாக்கியது. கோபுரம் தெரியும் மாடி என்று விளம்பரம் செய்யப்படும் மனையில் மாடியே எழுப்ப முடியாமல் போக இடமுண்டு. வாங்கும் முன் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

எத்தனை கையெழுத்து

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்கு நான் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். விற்க வந்தவர்கள் அண்ணன் தம்பி நால்வர். வாரிசுச் சான்றில் நால்வர் பெயரும் தாயார் பெயரும் இருந்தன. தாயார் காலமாகியிருந்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் புகைப்படத்தில் ரெட்டைப் பின்னலோடு ஒரு பெண் குழந்தை இருந்ததை இரண்டாம் முறை போனபோதுதான் கவனித்தேன். யார் என்று கேட்டதற்கு, மூத்த அக்கா, கல்யாணமாகிச் சீக்கிரமே தவறிவிட்டார் என்றார்கள். அவருக்கு ஒரு மகள் வடநாட்டில் இருந்தாள். அவள் பெயர் எந்தச் சான்றிலும் இல்லை. அவளைத் தேடி, பேசி, அவள் கையெழுத்திட விரும்பவில்லை என்று தெரிந்து, கொடுத்த பணம் திரும்பி வருவதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கும் படங்களைப் பார்க்கிறேன். வீட்டுக்காரர்களிடம் அவர்களுடைய தாத்தாவிலிருந்து தொடங்கும் வம்சாவளியை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்கிறேன்.

பெண்களின் பங்கைப் பற்றிப் புதிதாக வாங்க வருகிறவர்கள் தெளிவாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்த நாளுக்கு முன் திருமணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் திருமணமானவர்களுக்கும் அதை விரிவாக்கியது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அது நிற்கும். ஆகவே 'சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்குப் பங்கில்லை' என்ற சொல்லை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பெண் வாரிசும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; இல்லையென்றால் அவர்கள் பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு பொது அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தால், அது அந்த நாட்டில் முறையாகச் சான்றளிக்கப்பட்டு, இங்கே வந்தபின் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் பதிவின்போது தேவைப்படும். இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால், வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது, இங்கே வசிப்பவரிடமிருந்து 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்தை வாங்கினால் பிடிக்கும் 1 சதவீதத்தைவிட அது மிகவும் அதிகம். பணத்தைக் கொடுத்து முடித்தபின் ஆடிட்டரிடம் போகாதீர்கள். ஒப்பந்தம் எழுதும் முன்பே போங்கள்.

சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று 1975 முதல் உள்ள பதிவுகளுக்குப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடி எடுக்க வேண்டும். முப்பது ஆண்டு போதும் என்று வங்கிகள் சொல்லலாம். நூறு வயது வீட்டுக்கு அது போதாது. மூலப்பத்திரம் வரை போங்கள். அந்தத் தெரு முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். வில்லங்கச் சான்றில் வராத சுமைகளும் உண்டு. நம் பக்கத்தில் வழக்கத்தில் இருக்கும் ஒத்தி அவற்றில் முக்கியமானது: பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வாடகையின்றி வீட்டில் குடிவைக்கும் அந்த ஏற்பாட்டைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்றாலும், வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்பவர்கள் பலர். ஆகவே வீட்டில் குடியிருப்பவரிடம் நேரில் பேசி, அவர் எதன் பேரில் அங்கே இருக்கிறார், எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். நகலை மட்டுமே காட்டுபவரின் அசல் எங்கேயாவது அடகில் இருக்கலாம்.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது அளவுகளில் தடுமாறாதீர்கள். தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. வீட்டு மனைகள் குழியிலும் அடிக்கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். செக்குபந்தி என்னும் நான்கெல்லையில் இறந்துபோன அண்டை வீட்டுக்காரர்களின் பெயர்கள் இருக்கும். நில அளவரை வைத்து அளந்து, பத்திரத்து அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபின்பே விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். பின்கொல்லையில் பாதி அண்டை வீட்டாரின் அனுபவத்தில் இருப்பது மிகச் சாதாரணம்.

கட்டடத்தை மழையில் பாருங்கள்

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அதற்குள் ஒருமுறை நின்று பார்த்தால் இந்த வீதிகளின் வீட்டு அமைப்பு விளங்கிவிடும்: தெருவில் குறுகிய முகப்பு, திண்ணை, உள்ளே நீண்டுகொண்டே போகும் கட்டுகள், கடைசியில் கொல்லையும் கிணறும். இருபது அடி முகப்பும் நூற்றைம்பது அடி ஆழமும் கொண்ட மனையில் பரப்பளவு பெரிதாகத் தெரிந்தாலும், கடைக்கோ விடுதிக்கோ பயன்படும் தெருமுகம் அந்த இருபது அடிதான். பின்புறம் இன்னொரு தெருவைத் தொடும் மனைக்கு நான் தயங்காமல் கூடுதல் விலை கொடுப்பேன்.

வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்ப்பதுதான் சரி. ஓட்டின் ஒழுக்கு கைமரத்தில் கறுப்புத் தடமாக இறங்கியிருக்கும்; தேக்குத் தூணின் அடியில் சாவியால் குத்திப் பார்த்தால் கறையான் அரித்த இடம் உள்வாங்கும். இவற்றையெல்லாம்விட நான் முதலில் பார்ப்பது வாசலை. ஒரு வீட்டில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போனதாக அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். நான் போனபோது தெரு திண்ணையின் மட்டத்துக்கு வந்திருந்தது, ரேழி தெருவுக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. பழையதைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டதன் விளைவு அது. மழை பெய்த இரவெல்லாம் வாசலில் கோணிப்பை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டைத் தரையை உயர்த்திச் சரிசெய்தால் கதவும் நிலையும் உயரம் குறைந்துபோகும். முற்றத்து நீர் வெளியேறும் வழி தலைகீழாகும். செலவு ஓட்டை மாற்றுவதைவிட அதிகமாகலாம்.

தொடர் வரிசை வீடுகளில் பக்கச்சுவர் பொதுச்சுவராக இருக்கும். அதன்மேல் உத்தரம் ஏற்றவோ அதை இடிக்கவோ அண்டை வீட்டாரின் இசைவு வேண்டும். பத்திரத்தில் பொதுச்சுவர் உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்மையில் இருக்கிறதா, கொல்லையில் இன்னும் பழைய குழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டு உதிர்ந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்பு வேலையும் மெட்ராஸ் ஒட்டு (மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மேல்தளம்) வேலையும் தெரிந்த கொத்தனாரை அழைத்துப்போய்க் காட்டி, அவர் சொல்லும் தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியாகவோ உணவகமாகவோ மாற்றும் எண்ணம் இருந்தால், தெருவின் அகலம் உங்களைக் கட்டுப்படுத்தும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தெரு அகலத்தையும் பயன்பாட்டையும் பொறுத்தே அனுமதிகளை வகுக்கின்றன. நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த மனை இருப்பது குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா என்பதும் முக்கியம். வீட்டை வாங்குவதற்கு முன்பே கட்டட வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் பலரைத் தங்கவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. குறுகிய படிக்கட்டு, ஒரே வாசல், ஓலைக் கூரை ஆகியவற்றின் பொருள் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தெரு உண்மையிலேயே மாறுகிறதா

இரண்டு மூன்று பளபளப்பான முகப்புகளைக் கண்டு முடிவு செய்யக் கூடாது. விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பால்காரர் எத்தனை வாசலில் நிற்கிறார், எத்தனை வாசலில் கோலம் இருக்கிறது, எத்தனை வீட்டில் பூட்டு துருப்பிடித்திருக்கிறது என்று எண்ணுங்கள். பூட்டிய வீடுகள் மிகுந்த தெருவில் மேலும் வீடுகள் விற்பனைக்கு வரும். ஆகவே இன்று அவசரப்படத் தேவையில்லை. மளிகைக் கடையும் இஸ்திரி வண்டியும் மருந்துக் கடையும் இருந்து, அவற்றோடு புதுக் கடைகளும் வந்திருந்தால் அந்தத் தெருவுக்கு உயிர் இருக்கிறது.

கும்பகோணத்தில் விலை கேட்டால் மகாமகத்தைச் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த விழா கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். சாலைகளும் குளங்களும் படித்துறைகளும் அதையொட்டிச் சீராகும் என்பது உண்மை. ஆனால் விழா நாட்களின் வருமானத்தை வைத்து ஒரு வீட்டின் விலையைக் கணக்கிட்டால், அடுத்த பதினோரு ஆண்டும் ஏமாற்றமே மிஞ்சும். இந்த ஊரைத் தாங்குவது நவக்கிரகத் தலங்களுக்கு ஆண்டு முழுவதும் வரும் யாத்திரிகர்கள், முகூர்த்த நாட்கள், சுவாமிமலைச் சிலைக்கும் நாச்சியார்கோவில் விளக்குக்கும் திருபுவனம் பட்டுக்கும் வருகிறவர்கள் ஆகியோர்தான். விடுதி வைக்க எண்ணுபவர் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, அந்தப் பகுதியில் உள்ள நான்கைந்து விடுதிகளில் அறை இருக்கிறதா, என்ன வாடகை என்று கேட்டுப் பார்க்கட்டும். தை மாத முகூர்த்த நாளன்று கிடைக்கும் விடையைவிட அது உண்மைக்கு நெருங்கியது.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகரம் என்ற சொல்லை வைத்து அங்கே விலை சொல்லப்படுகிறது. ஆனால் ஆட்சியர் அலுவலகம் ஊரின் நடுவில் அல்லாமல் மன்னம்பந்தலில் அமைந்தது. புது அலுவலகங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்க்காமல் பழைய கடைவீதியில் பணம் போடக் கூடாது.

கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே. வீடு 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7 லட்சத்து 20 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின்மீதே தீர்வை கட்ட வேண்டியிருக்கும். பழுதுபார்க்க 20 லட்சம். மொத்தம் 107 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 30 ஆயிரம் வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஒரு மாதம் காலியாக இருக்கும் என்றும், சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் 50 ஆயிரம் என்றும் கழித்தால் கையில் நிற்பது 2 லட்சத்து 80 ஆயிரம். அது போட்ட பணத்தில் சுமார் 2.6 சதவீதம். வங்கி வைப்பு 6.5 சதவீதம் தருவதாகக் கொண்டால், இடைவெளியை நிரப்ப வீட்டின் விலை ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 சதவீதம் ஏற வேண்டும். அதுவும் விற்கும்போது ஆள் கிடைத்தால்தான் பணமாகும். கோயில் வீதியில் வாங்குபவர்கள் எண்ணிக்கை குறைவு. விற்க ஓராண்டு ஆகலாம் என்ற பொறுமை இல்லாதவரும், 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குபவரும் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கறுப்பும் வெள்ளையுமாகப் பேசும் விற்பனையாளரிடம் இசைந்துவிடாதீர்கள். சொத்து வாங்க 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதைச் சட்டம் தடுக்கிறது. குறைத்துக் காட்டிய விலை பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது உங்கள் லாபத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கும் சொத்தின் நீண்டகால லாபத்துக்கு விலைவாசிச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீத வரி என்பதால், அந்தச் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

ஒப்பந்தம் எழுதுவதென்றால் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். எல்லா வாரிசுகளின் பெயரையும், அசல் பத்திரங்களின் பட்டியலையும், குடியிருப்பவர் எப்போது காலி செய்வார், அதற்கு யார் பொறுப்பு என்பதையும் அதில் எழுதுங்கள்.

குடியிருப்பவர்

பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு பாத்திரத் தொழிலாளியின் குடும்பமோ, கோயிலில் பணிசெய்யும் ஒருவரின் குடும்பமோ முப்பது ஆண்டாகச் சொற்ப வாடகைக்கு இருப்பார்கள். வீட்டின் விலையில் அவர்களுடைய இருப்பு கழிவாகவே பார்க்கப்படுகிறது. இதை எழுதும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலியான வீடாகத் தருகிறேன் என்று விற்பவர் சொல்வதன் பொருள், உங்கள் பணத்தை வைத்து அவர்களை வெளியேற்றுவேன் என்பதே. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் தேவை. வெளியேற்றத்துக்கும் சட்டம் வகுத்த வழி மட்டுமே உண்டு. தண்ணீரை நிறுத்துவது, ஓட்டைப் பிரிப்பது போன்ற செயல்களுக்கு உங்கள் பெயரில் யாரும் துணியக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் பார்த்த ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்கிறேன். வாங்கியவர், பின்கட்டில் இருந்த குடும்பத்தின் பிள்ளைகளுடைய பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கொடுத்தார். புது வீட்டுக்கு வேண்டிய முன்பணத்தையும் ஆறு மாத வாடகையையும் விலையிலிருந்து ஒதுக்கி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வங்கி வழியாக அந்தக் குடும்பத்தின் கணக்கில் நேரே செலுத்தினார். அவருடைய மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. அந்தக் குடும்பத்துத் தலைவர்தான் பிறகு அந்த வீட்டின் பித்தளைக் கைப்பிடிகளையும் தாழ்ப்பாள்களையும் செப்பனிட்டுக் கொடுத்தார். வாங்கும் வீட்டில் யாராவது குடியிருந்தால், இந்தத் தொகையையும் உங்கள் கணக்கில் பழுதுபார்க்கும் செலவுக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பதிவு முடிந்தபின் பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகிய நான்கிலும் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நகர அளவை எண்ணில் ஒரு இலக்கம் தவறியிருந்தால், விற்றவர்கள் எல்லோரும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம்.